கையிருப்புக்குள் ஒரு கல்யாணம்: எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: அடுத்த ஆண்டு திருமணம். இருவரும் வேலையில் இருக்கிறார்கள், ஆனால் சேமிப்பு அதிகமில்லை. கடன் வாங்க மனமில்லை. இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு ஆசை. போதாக்குறைக்குப் பெரிய மண்டபம் ஒன்றுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. செலவைக் கைக்குள் வைத்துக்கொள்ள எதிலிருந்து தொடங்க வேண்டும்? வாடகை உடை, அச்சடிக்காத அழைப்பிதழ் போன்ற சிக்கனங்கள் போதுமா?

போதாது. அவை எல்லாம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் சில்லறைச் செலவுகளில் மிச்சம் பிடித்துக்கொண்டே மொத்தத்தில் கோட்டை விட்ட கல்யாணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்: நிச்சயமாக எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை பேர் வருகிறார்கள், எந்தெந்தச் செலவில் உங்களால் சமரசம் செய்துகொள்ளவே முடியாது. இதே வரிசையில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மண்டபத்தைப் பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது, பதிவு செய்கிறார்கள், அது வெறிச்சோடித் தெரியக்கூடாதே என்று ஆள் சேர்க்கிறார்கள், கடைசியில் பணத்துக்கு அலைகிறார்கள்.

பணத்திலிருந்து வருவோம். கையில் இருப்பதையும், திருமணத் தேதி வரை மாதாமாதம் நிச்சயமாக ஒதுக்க முடிந்ததையும் மட்டும் கூட்டுங்கள். வரப்போகும் ஊக்கத்தொகை, நண்பர் திருப்பித் தர வேண்டிய பாக்கி, விருந்தினர் தரக்கூடிய அன்பளிப்புப் பணம் எதையும் சேர்க்காதீர்கள். அன்பளிப்பை நம்பிச் செலவைத் திட்டமிடுவது மிகவும் ஆபத்தானது. பணம் கட்ட வேண்டியது திருமணத்துக்கு முன்பு, அன்பளிப்பு கைக்கு வருவது அன்றைக்கோ அதற்குப் பிறகோ. இடைப்பட்ட காலத்தை நிரப்ப யாரிடமாவது கை நீட்ட வேண்டியிருக்கும். கூட்டிய தொகையிலிருந்து மூன்று மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். திருமணம் முடிந்த மறு மாதமே வாடகை, முன்வைப்புத்தொகை, பாத்திரம் பண்டம் என்று செலவு வரிசைகட்டி நிற்கும். மீதி இருப்பதுதான் உங்கள் கல்யாணப் பணம். அது எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் அதுதான் உண்மையான தொகை.

அடுத்து, வீட்டார் தருவதாகச் சொல்லும் பணம். இதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தால்தான் பல கல்யாணக் கணக்குகள் கெட்டுப்போகின்றன. "நாங்க பாத்துக்கறோம்" என்று பெற்றோர் சொன்னால், அது அன்பான வார்த்தை. ஆனால் அதில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. எவ்வளவு, எப்போது, எதற்காக என்ற மூன்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கிற விதம் முக்கியம். "அப்பா, உங்களால எவ்வளவு முடியும்னு இப்பவே தெரிஞ்சா அதுக்குள்ள திட்டம் போட்டுடுவோம். முடியலைன்னாலும் ஒண்ணும் இல்ல, சின்னதா பண்ணிக்கறோம்" என்று சொல்லிப் பாருங்கள். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால், அவர் தன்னால் முடியாத தொகையைச் சொல்லிவிடுவார். பிள்ளைக்கு முன்னால் 'இல்லை' என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. முதுமைக்கென்று ஒதுக்கி வைத்ததை அவர்கள் உடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே தடுங்கள். உங்களுக்குச் சம்பாதிக்க முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. அவர்களுக்கு இல்லை.

பணம் தருகிறவர் அபிப்பிராயமும் சொல்வார். அது இயல்பு, அதில் தவறில்லை. இதைச் சுமுகமாக வைத்துக்கொள்ள நான் எல்லோருக்கும் சொல்கிற வழி ஒன்று உண்டு. பொதுப் பணப்பையில் எல்லோரும் போடுவதை விட, ஆளுக்கு ஒரு பொறுப்பாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு வீட்டார் விருந்து, இன்னொரு வீட்டார் இடமும் அலங்காரமும், நீங்கள் இருவரும் உடை, படம், பயணம். அவரவர் பகுதியில் அவரவர் விருப்பம் நடக்கட்டும். விருந்தினர் எண்ணிக்கை மட்டும் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தது, அதை யாரும் தனியாக மாற்றக்கூடாது. இப்படிப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டைகள் தொடங்கவே தொடங்காது.

கடன் வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பது மிகவும் நல்லது. அந்த முடிவு தளரும் நாள் ஒன்று வரும், அதனால் கணக்கை இப்போதே பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 12% வட்டியில், ஐந்தாண்டுத் தவணையில் 100 பங்கு கடன் வாங்கினால், திருப்பிக் கட்டி முடிக்கும்போது சுமார் 133 பங்கு கட்டியிருப்பீர்கள். கடன் அட்டையில் மாதம் 3% வட்டி என்றால், ஒன்றும் கட்டாமல் விட்ட தொகை இரண்டே ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். ஒரு நாள் நிகழ்ச்சிக்கான தவணை, ஐந்து ஆண்டுகள் உங்கள் மாதச் சம்பளத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த ஐந்து ஆண்டில்தான் குழந்தை, வீடு மாறுதல், வேலை மாறுதல் எல்லாம் வரும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கல்யாணச் செலவை நிர்ணயிப்பது எத்தனை பேர் என்ற எண்தான். செலவுகளில் இரண்டு வகை உண்டு. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாறாதவை: படம் எடுப்பவர், உங்கள் உடை, பதிவுக் கட்டணம், ஒலிபெருக்கி. தலைக்கு இவ்வளவு என்று பெருகுபவை: சாப்பாடு, நாற்காலி, அழைப்பிதழ், தங்கும் அறை, வாகனம், விருந்தினருக்குக் கொடுக்கும் சிறு பரிசு, பரிமாற ஆட்கள், குடிநீர். இடமும் கிட்டத்தட்ட இரண்டாம் வகைதான், ஆள் குறைந்தால் சின்ன இடம் போதும். மொத்தச் செலவை 100 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கான கல்யாணத்தில் தலைக்கணக்குச் செலவுகள் மட்டும் 60 பங்கு என்று வைத்தால், 200 பேராகக் குறைக்கும்போது அது 40 ஆகிவிடும். ஒரே முடிவில் 20 பங்கு மிச்சம். அழைப்பிதழ்ச் செலவு மொத்தமே 2 பங்கு என்றால், அதைப் பாதியாக்க நீங்கள் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் மிஞ்சுவது 1 பங்கு. எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

பட்டியல் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மனக்கசப்பு வருகிறது. ஒரு நோட்டை எடுத்து, மணமக்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து, பெற்றோருக்குக் காட்டுவதற்கு முன்னால் எழுதுங்கள். முதல் பக்கத்தில், இவர் வராவிட்டால் தேதியையே மாற்றுவோம் என்கிற அளவுக்கு நெருக்கமானவர்கள். பெரும்பாலும் முப்பது நாற்பது பேரைத் தாண்டாது. இரண்டாம் பக்கத்தில், கடந்த ஓராண்டில் நேரிலோ தொலைபேசியிலோ மனம்விட்டுப் பேசியவர்கள். மூன்றாம் பக்கத்தில், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நம்மைக் கூப்பிட்டார்கள் என்பதற்காகக் கூப்பிட வேண்டியவர்கள். நான்காம் பக்கத்தில், அலுவலகம், அக்கம்பக்கம், பெற்றோரின் பழைய சகாக்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எண்ணிக்கையைப் போடுங்கள். பணம் எந்தப் பக்கம் வரை தாங்குகிறது என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

குறைக்கும்போது ஒரு விதி. ஆள் பார்த்துக் குறைக்காதீர்கள், வகை பார்த்துக் குறையுங்கள். சித்தப்பா பிள்ளைகளில் இருவரைக் கூப்பிட்டு ஒருவரை விட்டால், அது பல ஆண்டுகளுக்கு ஆறாத வடு. அலுவலகத்திலிருந்து யாரையும் கூப்பிடவில்லை என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானே. இரு வீட்டாருக்கும் சம எண்ணிக்கை என்பதும் அப்படித்தான். ஒரு வீட்டில் உறவு அதிகம், இன்னொரு வீட்டில் குறைவு என்றாலும், தொடக்கத்தில் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சமான இடங்களை அவர்களே பேசி விட்டுக்கொடுக்க விடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது பறித்ததாகிவிடும்.

ஆனால் கூட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹ்யூகோ மியாலோன் இருவரும் திருமணமான 3,000க்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டி 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திருமணத்துக்கும் மோதிரத்துக்கும் அதிகம் செலவழித்தவர்களிடையே மணமுறிவு அதிகமாகவும், திருமணத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தவர்களிடையே அது குறைவாகவும் காணப்பட்டது. இது காரண காரியத்தை நிரூபிப்பதில்லை. அதிகம் செலவழித்ததால்தான் பிரிந்தார்கள் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனாலும் செலவும் ஆள்கூட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை அல்ல என்பதை அது எனக்கு உணர்த்தியது. நிறையப் பேர் வர வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால், தலைக்கு ஆகும் தொகையில் கை வைக்க வேண்டும். திருமணச் சடங்குக்கு நெருங்கியவர்கள் மட்டும், பிறகு ஒரு மாலையில் எல்லோருக்கும் இரண்டு மணி நேர எளிய வரவேற்பு என்று பிரிக்கலாம். முழு விருந்துக்குப் பதில் சிற்றுண்டி, ஒரே இடத்தில் எல்லாம், ஒரே நாளில் எல்லாம். வந்தவர்கள் மணமக்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனாலே நிறைவாக உணர்வார்கள். சாப்பாட்டு வகைகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு யாரும் வருவதில்லை.

எண்ணிக்கை முடிந்த பிறகுதான் தேதியும் இடமும். எல்லோரும் கேட்கிற நாளில் எல்லோரும் கேட்கிற இடம் விலை குறையாது. வார நாள், பருவம் அல்லாத மாதம், காலை நேரம் இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு நீங்கள் இணங்கினாலே பேரம் பேச வழி கிடைக்கும். வார நாள் வைத்தால் வெளியூரிலிருந்து வருபவர்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பள்ளி, சமூகக்கூடம், உறவினர் வீட்டுத் தோட்டம் போன்ற இடங்களின் வாடகை குறைவு. ஆனால் அங்கே நாற்காலி, மின்சாரம், கழிப்பறை, சமையல் இடம், மழை வந்தால் மாற்று ஏற்பாடு எல்லாம் நீங்கள் கொண்டுவர வேண்டியவை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சில சமயம் எல்லாம் அடங்கிய மண்டபமே மலிவாக இருக்கும். வாடகையை வாடகையோடு ஒப்பிடாதீர்கள், மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

மண்டபக்காரர் தரும் விலைப்பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் இருப்பது வாடகை மட்டும்தான். கீழே இறங்குங்கள். மின்சாரம் அளவைப்படியா, வாடகையில் அடங்கியதா? மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் தனியா? துப்புரவுக் கட்டணம், குப்பை அகற்றும் கட்டணம், வாகன நிறுத்தம், அறைகள், வரி எல்லாம் எங்கே இருக்கின்றன? வெளியிலிருந்து சமையல்காரரையோ அலங்காரம் செய்பவரையோ அழைத்து வந்தால் அபராதம்போல ஒரு தொகை வாங்குகிறார்களா? சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், ஒரு மணி நேரம் கூடினால் எவ்வளவு? சேதத்துக்கென்று வாங்கும் வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும்? இத்தனைக்கும் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கூட்டுங்கள். மேலே இருந்த தொகைக்கும் கீழே வந்த தொகைக்கும் இருக்கும் தூரம் உங்களைத் திடுக்கிட வைக்கலாம்.

சாப்பாட்டு ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது, குறைந்தபட்சம் இத்தனை பேருக்குப் பணம் தருவோம் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் எண்ணிக்கை. 300 என்று ஒப்புக்கொண்டு 240 பேர் வந்தால், 300 பேருக்கும் கட்டியாக வேண்டும். அழைத்தவர்கள் அத்தனை பேரும் வருவதில்லை. ஆகவே அந்த எண்ணைக் குறைவாக வைத்து, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் அதே விலையில் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். இறுதி எண்ணிக்கையை எத்தனை நாளுக்கு முன் சொன்னால் போதும் என்பதையும் கேளுங்கள். அன்று சாப்பிட்டவர்களை எண்ணுவது யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகட்டும். உங்கள் தரப்பில் ஒருவரும் அவர்கள் தரப்பில் ஒருவரும் சேர்ந்து எண்ணினால் இரவு பதினொரு மணிக்கு வாக்குவாதம் வராது. மிஞ்சும் உணவை எங்கே, யார், எந்த வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதையும் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். அன்றைக்கு யோசித்தால் அது கெட்டுப்போகும்.

விலை பேசுவதில் ஒரு மனப்பழக்கம் நம் எல்லோரையும் ஏமாற்றும். உளவியலாளர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சுழல் சக்கரம் வரும். அது 10 அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி செய்யப்பட்டிருந்தது. அதைச் சுற்றிவிட்டு, ஐ.நா.வில் உள்ள நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். 10 வந்தவர்களின் மதிப்பீடு 25ஐ ஒட்டியும், 65 வந்தவர்களின் மதிப்பீடு 45ஐ ஒட்டியும் இருந்தது. சம்பந்தமே இல்லாத ஓர் எண் காதில் விழுந்தாலே மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அலங்காரம் செய்பவர் தன் கைப்பேசியில் முதலில் மிகப் பகட்டான மேடையைக் காட்டுவது இதனால்தான். அதைப் பார்த்த கண்ணுக்கு அடுத்தது மலிவாகத் தெரியும். அதனால் யாரையும் பார்க்கப் போவதற்கு முன் இந்தச் செலவுக்கு உச்சவரம்பு இவ்வளவு என்று நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள், மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். "குறைத்துக் கொடுங்கள்" என்பதை விட "இதில் எதை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும்?" என்று கேட்பது நல்ல பலன் தரும். உழைப்பவரின் கூலியை நசுக்காமலே தொகை குறைந்துவிடும். இன்னொன்று, பணம் முழுவதையும் முன்பே கொடுக்காதீர்கள். பதிவுக்கு ஒரு பகுதி, நெருங்கும்போது ஒரு பகுதி, வேலை முடிந்த அன்று கடைசிப் பகுதி. ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும்.

உடை, நகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஒரே நாள் உடுத்தும் உடையை வாடகைக்கு எடுப்பதிலோ, அக்காவிடமோ அம்மாவிடமோ வாங்கி அளவு மாற்றித் தைப்பதிலோ எந்தக் குறையும் இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மறுபடி உடுத்தக்கூடியதை வாங்குங்கள். கல்யாணம் என்றால் இது இருந்தே ஆக வேண்டும் என்று நாம் நினைப்பவற்றில் எத்தனை, யாரோ விற்பதற்காகச் சொன்னவை என்று யோசிக்கலாம். 'வைரம் என்றென்றைக்கும்' என்ற விளம்பர வாசகம் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் எழுதப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் உலகின் பல பகுதிகளில் வைர மோதிரம் இல்லாமல் நிச்சயமே இல்லை என்றாகிவிட்டது. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து, இது எங்கள் இருவரில் யாருக்காவது உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவருக்கு மனதார வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. தொடக்கத்தில் சொன்ன சமரசமற்ற செலவு என்பது அதுதான். ஆளுக்கு ஒன்று, அதிகபட்சம் இரண்டு. மற்றவை எல்லாம் விட்டுக்கொடுக்கக் கூடியவை.

படம் எடுப்பதில் முழுநாள் தொகுப்பு, பெரிய ஆல்பம், ட்ரோன் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். சடங்கு நேரமும் அதன் முன்பின் சில மணி நேரமும் ஒரு நல்ல கலைஞர் இருந்தால் போதும். சேமித்த பணத்தில் இரண்டு கலைஞர்களை வைப்பதை விட, ஒரு கலைஞரின் முழுமையான பழைய வேலை ஒன்றைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பத்துப் படங்கள் எல்லோரிடமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு கல்யாணத்தின் எல்லாப் படங்களையும் காட்டச் சொன்னால்தான், வெளிச்சம் குறைந்த கூடத்தில் முகங்கள் எப்படி வந்திருக்கின்றன என்பது தெரியும். ஆல்பத்தை அடுத்த ஆண்டு கூடப் போட்டுக்கொள்ளலாம். மூலக் கோப்புகள் உங்கள் கைக்கு வரும் என்பதும் எத்தனை நாளில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நண்பர்கள் உதவுகிறேன் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைய நாளில் தவறினால் திருத்த முடியாத வேலையைக் கொடுக்காதீர்கள். அழைப்பிதழ் வடிவமைப்பு, முந்தைய நாள் மேடைக்குப் பூ கட்டுதல், வெளியூரிலிருந்து வருபவர்களை அழைத்து வருதல் நல்லவை. சமையலும் முழுப் படப்பிடிப்பும் வேண்டாம். அவர்களும் விருந்தாளிகள்தான், கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா? ஒருவரை மட்டும் கேட்டு, சாவி, பணக் கவர்கள், தொலைபேசி எண்கள், நேர அட்டவணை நான்கையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு மணமக்களைத் தேடி யாரும் பணம் கேட்டு வரக்கூடாது.

கணக்கு நோட்டில் மூன்று கட்டங்கள் இருந்தால் போதும்: திட்டமிட்டது, ஒப்புக்கொண்டது, கட்டியது. நடுக் கட்டம்தான் முக்கியம். பலர் கட்டிய பணத்தை மட்டும் எழுதிவிட்டு இன்னும் நிறைய இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்ட நிமிடமே அந்தப் பணம் போய்விட்டதாக எழுதுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். நாம் போடும் மதிப்பீடு எப்போதும் குறைவாகவே இருக்கும். ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். பணத்திலும் இதே குணம்தான். ஒதுக்கிய பங்கைத் திருமணத்துக்கு முந்தைய வாரம் வரை தொடாமல் வைத்திருக்க முடிந்தால், கடைசி நேரப் பதற்றத்துக்கு விலை கொடுக்க அது கைகொடுக்கும்.

கை வைக்கக்கூடாத இடங்களும் உண்டு. திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்வது, அதற்கான ஆவணங்கள், நேரம். வயதானவர்கள் உட்கார நல்ல நாற்காலி, குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை. கடைசி வரிசைக்கும் கேட்கிற ஒலிபெருக்கி. வேலை செய்ய வந்தவர்களுக்குச் சாப்பாடும் நேரத்துக்குக் கூலியும். இவற்றில் மிச்சம் பிடித்த கல்யாணத்தை வந்தவர்கள் வருத்தத்தோடு நினைவு வைத்திருப்பார்கள்.

இனி அந்த முன்பணம். கொடுத்தாயிற்றே, விட்டால் வீணாகிவிடுமே என்று தோன்றுவது இயற்கை. ஹால் ஆர்கெஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற ஆய்வாளர்கள் 1985இல் இதையே ஆராய்ந்தார்கள். நாடகங்களுக்கான பருவச் சீட்டை முழு விலையில் வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களை விட, பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். பார்ப்பது அதே நாடகம்தான். முன்பே போன பணம்தான் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. ஆகவே முன்பணத்தை மறந்துவிட்டு, இனிமேல் செலவாகப்போவதை மட்டும் இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஒரு பக்கம் பெரிய மண்டபத்தில் நடத்தினால் இன்னும் கட்ட வேண்டிய மிச்ச வாடகை, அதை நிரப்பக் கூடும் ஆட்கள், அவர்களுக்கான சாப்பாடு, அந்த அளவு மேடைக்கான அலங்காரம். இன்னொரு பக்கம் உங்கள் நோட்டின் இரண்டாம் பக்கத்தோடு நிற்கும் கல்யாணத்துக்கு, சின்ன இடத்தில் முதலிலிருந்து ஆகும் செலவு. இரண்டாவது குறைவாக இருந்தால், முன்பணம் போனாலும் நீங்கள் லாபத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஆனால் விட்டுவிடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் விதியைப் படித்துவிடுங்கள். ஓராண்டு முன்னதாக என்றால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு, நாள் நெருங்க நெருங்க அது குறையும். பணமாகத் தர மறுத்தால், அதே இடத்தின் சிறிய கூடத்துக்கோ, வார நாளுக்கோ, அரை நாளுக்கோ மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தேதிக்கு வேறு ஒருவர் வந்தால் முன்பணத்தைத் திருப்புவீர்களா என்றும் கேளுங்கள். எல்லோரும் விரும்பும் தேதி என்றால் அவர்களுக்கு அதில் நஷ்டமில்லை. நேரில் பேசிவிட்டு, பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். இதை இந்த வாரமே செய்வது நல்லது.